ஜப்பானிய இசைப் பட்டியல்கள்: எண்ணப்படுவது எது?

ஒரு தேசத்து மக்கள் ஒரு வருஷத்தில் மிகுதியும் விரும்பிய பாட்டு எது என்ற கேள்வி, கேட்ட மாத்திரத்தில் எளிதாகத் தோன்றினாலும், அதற்கு எண்ணால் விடை கூற முற்பட்டவர்கள் ஜப்பானில் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தம்முள் உடன்படாமலே இருந்து வருகிறார்கள். 2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளின் முடிவில் அங்கே வெளியான வருஷாந்தரப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் இவ்வேற்றுமை கண்கூடாகும். ஒரிகான் ஸ்தாபனத்தின் தனிப்பாட்டுத் தட்டுப் பட்டியலில் அம்மூன்று ஆண்டுகளிலும் முதலிடம் பெற்றவை ஏ.கே.பி.48 என்ற பெண்கள் குழுவின் தட்டுகள். பில்போர்டு ஜப்பான் வெளியிடும் ஹாட் 100 பட்டியலிலோ, 2017-இல் ஹோஷினோ கென் பாடிய ‘கோய்’ என்ற பாட்டும், அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் யோனெஸு கென்ஷியின் ‘லெமன்’ என்ற பாட்டும் முதலிடம் வகித்தன.

இருவரும் ஒரே தேசத்தின் ஒரே காலத்தைத்தான் கணக்கிட்டார்கள். அப்படியிருந்தும் விடைகள் வேறாயின என்றால், அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்விகளே வேறானவை என்று கொள்வதுதான் நியாயம். எத்தனை தட்டுகள் விலைபோயின, எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற மூன்றும், ஒரு காலத்தில் ஏறக்குறைய ஒன்றையொன்று பிரதிபலிப்பனவாக இருந்து, பின்னர் மெல்லமெல்லப் பிரிந்துபோன அளவைகள். அப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது, பட்டியல் தொகுப்போர் அதை எவ்வாறு எதிர்கொண்டார்கள், அவர்களுடைய முறைகளில் எவை உறுதியானவை, எவை சந்தேகத்துக்கு இடமானவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கம்பெனியின் வாக்கிலிருந்து கடையின் கணக்குக்கு

1967-இல் கோய்கே சோகோ என்பவர், பின்னாளில் ஒரிகான் என்று சுருங்கி வழங்கிய ஒரிஜினல் கான்ஃபிடன்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்குவதற்கு முன், ஓர் இசைத்தட்டு எவ்வளவு விற்றது என்று அறிய விரும்பியவர் பெரும்பாலும் அதை வெளியிட்ட கம்பெனியின் வாக்கையே நம்ப வேண்டியிருந்தது. கம்பெனி சொல்லும் எண், அச்சிட்ட தட்டுகளின் எண்ணாகவும் இருக்கலாம், கடைகளுக்கு அனுப்பிய தட்டுகளின் எண்ணாகவும் இருக்கலாம், விளம்பரத்தின் பொருட்டுச் சற்றே வளர்க்கப்பட்டதாகவும் இருக்கலாம். சகமோட்டோ கியூ 1961-இல் பாடி, 1963-இல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலிலேயே முதலிடத்தை எட்டிய புகழ்பெற்ற பாட்டுக்குக்கூட, அதன் தாய்நாட்டில் பிற்காலத் தட்டுகளோடு ஒப்பிடத்தக்க வாராந்தர விற்பனைக் கணக்குக் கிடையாது.

கோய்கே செய்த மாறுதல், விற்பவன் சொல்லை விட்டு விற்பனை நிகழும் இடத்தை நோக்கித் திரும்பியதுதான். கடைகளிலிருந்து விவரங்களைத் திரட்டி, 1967 நவம்பரில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய பட்டியல், 1968 ஜனவரி 4-ஆம் தேதியிட்டு முறைப்படி வெளிவரலாயிற்று. 1970 முதல் நெடுந்தட்டுகளுக்கும் தனிப் பட்டியல் ஏற்பட்டது. ஆதியில் இது பொதுமக்களுக்காக ஏற்பட்டதன்று. எந்தத் தட்டை எவ்வளவு தருவிப்பது, எதை நிறுத்துவது என்று தீர்மானிக்க வேண்டிய வியாபாரிகளுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் உரிய தொழிற்பத்திரிகையின் பக்கங்களில் அச்சாகி வந்த அட்டவணை அது. பின்னர் 1979 முதல் பொதுவாசகர்களுக்கும் வாரப் பத்திரிகையாக வந்து, தினசரிகளிலும் தொலைக்காட்சியிலும் மேற்கோளாக எடுத்தாளப்பட்டு, ஒரிகானில் முதலிடம் என்ற சொற்றொடர் ஒரு பாடகனின் வாழ்க்கைக் குறிப்பில் பட்டம் போலவே இடம்பெறும் நிலையை அடைந்தது. சரக்கு ஒழுங்குக்காகப் பிறந்த கணக்கு, கீர்த்தியின் பிரமாணமாக மாறிய இம்மாற்றத்தை நாம் மறந்துவிடலாகாது. பின்னால் எழுந்த விவகாரங்களில் பாதி இதிலிருந்து பிறந்தவையே.

கணக்கும் மதிப்பீடும்

ஒரிகான் எண்களைப் பற்றிப் பலரும் கவனியாத முதல் விஷயம், அவை எண்ணியெடுத்த எண்கள் அல்ல, மதிப்பிட்ட எண்கள் என்பதாகும். 2011-ஆம் ஆண்டு நிலவரப்படி ஏறக்குறைய 39,700 விற்பனை நிலையங்களிலிருந்து தகவல் பெறப்பட்டதாக அந்த ஸ்தாபனம் அறிவித்தது. எனினும் எத்தனை கடைகள் தகவல் கொடுத்தாலும், கொடுக்காத கடைகளும் இருக்குமாகையால், கிடைத்த எண்ணை ஒரு விகிதத்தால் பெருக்கித் தேசம் முழுவதற்குமான தொகையை ஊகிக்க வேண்டியிருக்கிறது. இதில் தவறு ஒன்றும் இல்லை; உலகத்தில் பெரும்பாலான புள்ளிவிவரங்கள் இவ்வாறே உண்டாகின்றன. ஆனால் அந்த விகிதம் எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது, எந்தக் கடைக்கு எவ்வளவு கனம் என்பது முழுமையாக வெளியிடப்படாதபோது, எண்ணைப் பெறுகிறவன் அதைப் பரிசோதிக்க வழியின்றி நம்ப வேண்டியவனாகிறான்.

இக்குறை ஒரு சமயம் நீதிமன்றம் வரை சென்றது. 2006-இல் ஒரு மாதப் பத்திரிகை, ஒரிகானின் கணக்கு முறையைச் சந்தேகித்த பத்திரிகையாளர் ஒருவரின் கருத்தை வெளியிட, ஒரிகான் பதிப்பாளரை விட்டுவிட்டு அப்பத்திரிகையாளர் ஒருவர்மீது மட்டும் 5 கோடி யென் நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்தது. 2008-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவர் 10 இலட்சம் யென் கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. மேல் முறையீட்டில், 2009-இல், ஒரிகான் தன் கோரிக்கையைக் கைவிட்டதோடு வழக்கு முடிவுற்றது. ஆகவே கணக்கு முறை சரியா தவறா என்ற மூலக்கேள்விக்கு இவ்வழக்கால் விடை கிடைத்துவிட்டதாகக் கொள்வதற்கில்லை. இசை விற்பனைக்கு ஏறத்தாழ அதிகாரபூர்வமான சாட்சியாக விளங்கும் ஒரு ஸ்தாபனத்தின் முறையை விமரிசிப்பவன் தனிமனிதனாக இவ்வளவு பெரிய தொகைக்குப் பதில் சொல்ல நேர்ந்தது வருந்தத்தக்கது என்பது என் துணிபு. விமரிசனத்துக்கு உட்படாத அளவைக்கு அளவை என்ற தகுதியே குறைந்துவிடும்.

எண்களை வாசிப்பதில் வேறு சில நுட்பங்களும் உண்டு. ஒரிகானின் வாரம் திங்களன்று தொடங்கி ஞாயிறன்று முடிகிறது. பட்டியல் செவ்வாயன்று வெளியாகிறது. அதன்மீது இடப்படும் தேதியோ அதற்கும் அடுத்த திங்கள். உதாரணமாக, 2024 ஏப்ரல் 1 முதல் 7 வரை நடந்த விற்பனையைக் காட்டும் பட்டியல் ஏப்ரல் 15 என்ற தேதியைத் தாங்கி நிற்கும். தேதியை மட்டும் கண்டு அவ்வாரத்து விற்பனை என்று எழுதிவிடும் நூலாசிரியர் ஒரு வாரம் மட்டுமல்ல, இரண்டு வாரம் பிழைபடுகிறார். அன்றியும், ஜப்பானில் புதிய தட்டுகள் வெளியாகும் நாள் வழக்கமாகப் புதன்கிழமை. பெரும்பாலான கடைகளில் அவை செவ்வாயன்றே அடுக்கில் வைக்கப்பட்டுவிடும். உலகத்தின் பல தேசங்கள் 2015-இல் வெள்ளிக்கிழமைக்கு மாறிய பின்னும் உள்நாட்டுத் தட்டுகளுக்கு இப்பழக்கம் பெரும்பாலும் நீடிக்கிறது. இதனால் புதிய தட்டு ஒன்றுக்குத் தன் முதல் வாரத்தில் ஏறக்குறைய ஆறு நாள் விற்பனை கிட்டுகிறது. ரசிகர்களின் ஆவல் முழுவதையும் அந்த ஆறு நாட்களுக்குள் திரட்டிவிடக் கம்பெனிகள் முயல்வதும், முதலிடத்துக்கு வந்த தட்டு மறுவாரமே பத்து இடம் இருபது இடம் சரிவதும் இவ்வொழுங்கின் இயல்பான விளைவுகள்.

ஒரே தட்டின் முதற்பதிப்பு, சாதாரணப் பதிப்பு, ஒளிப்படத்தோடு கூடிய பதிப்பு என்பவற்றை ஒன்றாகக் கூட்டுவதா, தனித்தனியாக எண்ணுவதா என்பதும் ஒரு பிரச்சினை. ஒரே தலைப்பின் பதிப்புகளை ஒரிகான் கூட்டிவிடுகிறது. சவுண்ட்ஸ்கேன் ஜப்பான் என்ற மற்றொரு விற்பனைக் கணக்கிலோ, சரக்கு எண் வேறானால் பொருளும் வேறு என்ற கொள்கை வழங்கிற்று. ஒரே வாரத்தில் ஒரே தட்டு ஒன்றில் முதலாவதாகவும் மற்றொன்றில் சிதறியும் நிற்கக் காரணம் இதுவே.

அனுப்பிய சரக்கின் சான்று

கடையை நம்பியவர் ஒருபுறமிருக்க, கம்பெனிகளின் சங்கமான ஜப்பான் இசைப்பதிவுத் தொழிற் சங்கம் 1989 முதல் வேறொரு சான்றை வழங்கி வருகிறது. 1 இலட்சம் பிரதிக்குத் தங்கம், 2.5 இலட்சத்துக்குப் பிளாட்டினம், 10 இலட்சத்துக்கு மில்லியன் என்று அளிக்கப்படும் இச்சான்று, கடைகளுக்கு அனுப்பப்பட்ட தட்டுகளின் தொகையைக் கொண்டது. மக்கள் வாங்கியதை அன்று. இதன் பலம், கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலிருந்தே எண் கிடைப்பதால் ஊகத்துக்கு இடமின்மை. பலவீனம், விற்காமல் அலமாரியில் உறங்கும் தட்டும் விற்ற தட்டோடு சமமாக நிற்பது. ஒரே ஆல்பத்துக்கு ஒரிகான் ஒரு தொகையும் சங்கம் அதனினும் பெரிய தொகையும் சொல்வதைக் காணும் வாசகர் இவற்றில் ஒன்றைப் பொய்யென்று தள்ள வேண்டியதில்லை.

தட்டும் கேட்போனும் பிரிந்த கதை

தட்டுகளை எண்ணினால் கேட்போரை எண்ணியதாகும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் ஆதாரமற்றதாக இருக்கவில்லை. 1953-இல் ஏகபோகத் தடைச் சட்டம் திருத்தப்பட்டபோது, நூல், பத்திரிகை ஆகியவற்றோடு இசைத்தட்டுக்கும் வெளியிடுவோர் குறித்த விலையிலேயே கடைக்காரர் விற்க வேண்டும் என்ற ஏற்பாடு அனுமதிக்கப்பட்டது. தள்ளுபடி இல்லாத சந்தையில் ஒரு தட்டின் விற்பனை எங்கும் ஏறக்குறைய ஒரே செலவையும் ஒரே விருப்பத்தையும் குறித்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு தட்டுப் போதும். 1975 டிசம்பரில் வெளியாகி 45 இலட்சத்துக்கு மேல் விற்று, இன்றளவும் ஒரிகான் வரலாற்றில் தனிப்பாட்டுத் தட்டுகளுள் தலைமை வகிக்கும் ‘ஒயோகே! தையாகி குன்’ என்ற குழந்தைப் பாட்டின் எண்ணை, ஏறக்குறைய அத்தனை வீடுகள் என்றே வாசிக்கலாம். 1972-ஆம் ஆண்டு, 1973-ஆம் ஆண்டு ஆகிய இரண்டிலும் வருஷாந்தர முதலிடம் பெற்ற ‘ஒன்னா நோ மிச்சி’ என்ற பாட்டைப் பற்றியும் அவ்வாறே கூறலாம்.

இப்பிணைப்பு முதலில் ஒரு பக்கம் தளர்ந்தது. 1980-இல் டோக்கியோவை அடுத்த மிதகாவில் தட்டுகளை வாடகைக்குத் தரும் கடை தோன்றி, அவ்வியாபாரம் தேசமெங்கும் பரவியபோது, ஒரு தட்டை நூறு பேர் எடுத்துச் சென்று ஒலிநாடாவில் பிரதி செய்து கேட்க முடிந்தது. கேட்போர் பெருகினார்கள், விற்பனைக் கணக்கில் அவர்கள் தென்படவில்லை. 2000-க்குப் பின் கைத்தொலைபேசிக்குப் பாட்டை இறக்கிக்கொள்ளும் வழக்கம் பரவியபோதும் இதே நிலைதான். தொழிற் சங்கம் 2009 முதல் 2012 வரை பதிவிறக்கங்களுக்கென்று தனி வாரப்பட்டியல் வெளியிட்டதே, இவ்விடைவெளி உணரப்பட்டதற்குச் சான்று. ஒரிகான் தன் பங்குக்குப் பதிவிறக்கத் தனிப்பாட்டுகளின் வாரக்கணக்கைத் தரத் தொடங்கியது 2017-இல்தான். அக்காலத்து இளைஞர் பலருடைய ரசனை, தட்டுப் பட்டியலை மட்டும் வைத்து எழுதப்படும் சரித்திரத்தில் விடுபட்டுப் போவது தவிர்க்க முடியாதது.

மற்றப் பக்கம் தளர்ந்த கதை பிரசித்தமானது. 2005 டிசம்பரில் டோக்கியோவின் அகிஹாபராவில் தன் அரங்கத்தைத் தொடங்கிய ஏ.கே.பி.48 குழுவின் தட்டுகளோடு, அங்கத்தினரை நேரில் கண்டு கைகுலுக்கும் சீட்டும், 2009 முதல் 2018 வரை நடந்த வருடாந்தரத் தேர்தலில் தமக்கு உகந்தவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குச் சீட்டும் வழங்கப்பட்டன. ஒரு தட்டுக்கு ஒரு வாக்கு என்பதால், தனக்குப் பிரியமான பெண் முன்வரிசைக்கு வர வேண்டும் என்று விழைந்த ரசிகன் பத்தும் நூறுமாக வாங்கினான். 2010-ஆம் ஆண்டு ஒரிகானின் முதல் பத்து இடங்களையும் ஏ.கே.பி.48, அரஷி என்ற இரண்டே குழுக்கள் பகிர்ந்துகொண்டன. 2013-இல் வெளியான ஏ.கே.பி.48-இன் ‘சயோனாரா க்ரால்’ முதல் வாரத்திலேயே 17.6 இலட்சத்துக்கு மேல் விலைபோயிற்று.

இதைப் பற்றிய அபிப்பிராயங்கள் இரண்டாகப் பிரிந்தன. விற்பனைப் பட்டியலின் கடமை விற்பனையைக் கூறுவதே. வாங்கியவன் எதற்காக வாங்கினான் என்று ஆராய்வது அதன் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்பது ஒரு சாரார் வாதம். இதற்கு வலிமையுண்டு. நோக்கத்தை ஆராயப் புகுந்தால், அட்டைப்படத்துக்காக வாங்கியவனையும், பரிசளிக்க வாங்கியவனையும் என் செய்வது? பாட்டின் பெயரில் வெளியாகும் பட்டியலைப் பொதுமக்கள் பாட்டின் செல்வாக்கு என்றே பொருள்கொள்வார்கள். அப்பொருளைத் தராத எண்ணை அப்பெயரால் வெளியிடுவது அவர்களை வழிதவறச் செய்யும் என்பது எதிர்வாதம். இவ்விரண்டில் முதல் வாதமே தர்க்கத்துக்கு ஒத்தது என்று நான் கருதுகிறேன். ஆனால் அவ்வாதத்தை ஏற்போர், முதலிடம் பெற்ற பாட்டு என்று எழுதுவதை விட்டு, மிகுதியாக விற்ற தட்டு என்று மட்டுமே எழுதக் கடமைப்பட்டவர்களாகிறார்கள். அக்கடமையை ஜப்பானியச் செய்தித்தாள்கள் எப்போதும் நிறைவேற்றின என்று கூற இயலாது. முதல் வாரத்தில் முதலிடம், தொடர்ந்து இத்தனையாவது முதலிடம், இத்தனை ஆண்டுகளுக்குப் பின் முறியடிக்கப்பட்ட சாதனை என்ற வாய்பாட்டில் எழுதப்படும் குறுஞ்செய்திகளுக்கு, அளவையின் பொருள் மாறிவிட்டது என்று சொல்ல இடமில்லை.

கலவை அளவைகள்

விற்பனை ஒன்றே போதாது என்ற எண்ணம் புதியதன்று. 1978 ஜனவரி முதல் 1989 செப்டம்பர் வரை டி.பி.எஸ். தொலைக்காட்சியில் நடந்த ‘தி பெஸ்ட் டென்’ நிகழ்ச்சி, தட்டு விற்பனையோடு, கம்பிவழி ஒலிபரப்புக்கு வரும் நேயர் விருப்பம், வானொலிக்கு வரும் விருப்பம், நிகழ்ச்சிக்கு வரும் அஞ்சலட்டைகள் ஆகியவற்றையும் கூட்டித் தன் பத்துப் பாட்டுகளைத் தீர்மானித்தது. ‘டோட்டோ-சான்’ நூலால் தமிழ் வாசகர்களும் நன்கறிந்த குரோயனகி தெத்சுகோ, வரிசையில் பொய் புகுத்தப்படாது என்ற நிபந்தனையின்பேரிலேயே அந்நிகழ்ச்சியை நடத்த இசைந்தார். முதல் ஒளிபரப்பிலேயே அன்றைய பெரும் நட்சத்திரமாகிய யமகுச்சி மொமோஎ பத்துக்குள் வரவில்லை. வந்தவராகிய நகஜிமா மியுகியோ தொலைக்காட்சியில் தோன்ற மறுத்துவிட்டார். எனினும் வரிசை மாற்றப்படவில்லை. இவ்வுறுதியே நிகழ்ச்சிக்கு மதிப்பைத் தேடித் தந்தது.

இக்கலவை முறையின் தற்கால வடிவம், அமெரிக்கப் பில்போர்டின் உரிமத்தோடு 2008-இல் தொடங்கிய பில்போர்டு ஜப்பான் ஹாட் 100. தட்டு விற்பனையும் வானொலி ஒலிபரப்புமாகத் தொடங்கிய அது, பின்னர் பதிவிறக்கம், டுவிட்டர் குறிப்புகள், ஸ்ட்ரீமிங், காணொளி, கரோகே என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. இவற்றுள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது ‘லுக்அப்’ என்று வழங்கிய அளவை. குறுந்தட்டைக் கணினியில் இட்டதும், பாட்டுகளின் பெயரைக் காட்டுவதற்காகக் கணினி கிரேஸ்நோட் என்ற தகவற்களஞ்சியத்தை வினவும். அவ்வினாக்களின் தொகையை எண்ணினால், எத்தனை தட்டுகள் உண்மையில் உறை பிரிக்கப்பட்டுக் கேட்கப்பட்டன என்பது புலனாகும். நூறு தட்டு வாங்கியவனும் ஒன்றைத்தான் கணினியில் இடுவான். வாடகைக்கு எடுத்தவனோ, வாங்காமலேயே கணக்கில் வந்துவிடுவான். விற்பனை எண் பெரிதாகவும் வினா எண் சிறிதாகவும் இருந்தால் பலபிரதிக் கொள்முதல் என்றும், மாறியிருந்தால் பரவலான கேட்பு என்றும் ஊகிக்கலாம். பிரிந்துபோன இரு அளவைகளுக்கிடையே உள்ள தூரத்தையே அளக்க முயன்ற இவ்வுபாயம் மிகவும் மெச்சத்தக்கது. ஆயின் கணினிகளில் தட்டு இடும் பழக்கமே அருகியதால், டுவிட்டர் குறிப்புகளோடு இதுவும் 2022-இன் இறுதியில் கைவிடப்பட்டது.

தட்டு விற்பனை ஓர் அளவைக் கடந்தபின் அதற்குரிய கனத்தைக் குறைக்கும் விதியையும் பில்போர்டு ஜப்பான் கைக்கொண்டது. 2020-இல் தனித்தட்டாக வெளிவராமலேயே யோவாசோபி என்ற குழுவின் ‘யொரு நி ககேரு’ என்ற பாட்டு வருஷாந்தர முதலிடத்தை அடைந்தது இம்மாறுதல்களின் வெற்றி என்று போற்றப்பட்டது. ஒரிகானும் 2018 டிசம்பர் முதல் தட்டு, பதிவிறக்கம், ஸ்ட்ரீமிங் மூன்றையும் புள்ளிகளாக மாற்றிக் கூட்டும் பட்டியலை, பழைய தட்டுப் பட்டியலை நிறுத்திவிடாமல், அதனுடன் வெளியிட்டு வருகிறது.

கலவை முறையின் குறை வேறிடத்தில் இருக்கிறது. நெல்லையும் எண்ணெயையும் பொன்னையும் ஒரே படியில் கொட்டி அளப்பது போன்றது இது: எத்தனை முறை கேட்டால் ஒரு தட்டு வாங்கியதற்குச் சமம் என்ற கேள்விக்கு இயற்கையில் விடை கிடையாது; தொகுப்போர் ஒரு விகிதத்தை விதிக்கிறார்கள், வருஷத்துக்கு வருஷம் மாற்றுகிறார்கள். மாற்றத்துக்குக் காரணமாகக் கூறப்படுவது, முடிவு மக்களின் அனுபவத்தோடு பொருந்த வேண்டும் என்பதே. பொருந்த வேண்டிய முடிவு இன்னதென்று முன்கூட்டியே மனத்தில் கொண்டு விகிதத்தை அமைத்தால், பட்டியல் எதையும் கண்டுபிடித்ததாகாது. இவ்வாட்சேபணைக்கு இதுவரை தக்க சமாதானம் கூறப்பட்டதாக நான் கருதவில்லை. தட்டுகளை மட்டும் எண்ணும் பழைய பட்டியலுக்கு, அதன் பொருள் எவ்வளவு சுருங்கினாலும், அலகு ஒன்றே என்ற பெருமை மிஞ்சுகிறது.

தீராதவை

ஐம்பது ஆண்டுச் சாதனைகளை ஒரே அட்டவணையில் ஒப்பிடலாமா என்பது முதலாவது. 1975-இன் தட்டும் 2013-இன் தட்டும் ஒரே அலகால் எண்ணப்பட்டவை. ஆயினும் ஒரே செயலைக் குறிப்பவை அல்ல. அலகின் பேரால் ஒப்பிடுவது அனுமதிக்கத்தக்கது என்றும், அதிலிருந்து செல்வாக்கைப் பற்றி முடிவு கட்டுவது தகாது என்றும் இப்போதைக்குச் சொல்லலாம்.

ஸ்ட்ரீமிங் கணக்கு கேட்போரைத் திரும்பக் கண்டுபிடித்துத் தந்துவிட்டதா என்பது அதனினும் கடினமான கேள்வி. தொழிற் சங்கம் 2020 முதல் ஸ்ட்ரீமிங்குக்கும் சான்றளித்து, 10 கோடி முறை ஒலித்த பாட்டைப் பிளாட்டினம் என்கிறது. ஆனால் நூறு தட்டு வாங்கிய அதே ரசிகன், இரவெல்லாம் ஒரே பாட்டை ஓடவிடவும் கூடும். ரசிகர் கூட்டங்கள் அவ்வாறு திட்டமிட்டுச் செய்வதும் தெரிந்த விஷயமே. ஒரு பாட்டை எத்தனை தனி மனிதர் கேட்டார்கள் என்ற எண், ஒவ்வொரு சேவை நிறுவனத்தின் கையிலும் இருக்கக்கூடியது. பட்டியல்களில் இடம்பெறுவது ஒலித்த முறைகளின் எண் மட்டுமே. அத்தனி மனிதர் எண்ணைத் தொகுப்போர் கேட்டுப் பெறுவார்களா, நிறுவனங்கள் கொடுக்க இசையுமா, கொடுத்தால் அதைத் தனியாக அச்சிடுவார்களா அல்லது இன்னொரு விகிதத்தால் பெருக்கிப் பழைய கலவையில் சேர்த்துவிடுவார்களா என்பவை இனிமேல்தான் தெரியவேண்டியவை.